பக்கமும் சுற்றும்

வடிவியலில் ஒழுங்குப் பலகோணத்தைப் போல் நம்பிக்கை தரும் உருவம் வேறில்லை. ஒரு பக்கத்தை அளந்துவிட்டால் போதும். மற்றவற்றை அளக்கும் தேவையே எழாது. பக்கத்தின் நீளத்தைப் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் சுற்றளவு. சுற்றளவை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் பக்கம். ஐங்கோணத்தின் பக்கம் 8 எனில் சுற்று 40, சுற்று 40 எனில் பக்கம் 8. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது.

நாம் வசிக்கும் பிள்ளைச்சாவடியில் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி அவ்வப்போது கணக்கு நோட்டுடன் வருவாள். தமிழ் கற்பிப்பவரிடம் கணக்குக் கேட்கலாமா என்ற ஐயம் அவளுக்கு இருந்ததில்லை. ஒரு நாள் இந்த ஐங்கோணக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, "எல்லாப் பக்கமும் சமம்னு போட்டிருக்கு சார். யாரு அளந்து பார்த்தாங்க?" என்றாள். 'ஒழுங்கு' என்னும் சொல்லுக்குள்ளேயே அந்த உறுதி அடங்கியிருக்கிறது, அளக்கவேண்டியதில்லை என்று விளக்கினோம். தலையசைத்துவிட்டுப் போனாள். கேள்வி நம்மிடம் தங்கிவிட்டது. காகிதத்தில் சமம் என்று எழுதிவிடலாம். மண்ணிலும் கல்லிலும் ஐந்து பக்கங்களைச் சமமாக எழுப்பியவர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? எதற்காகச் செய்தார்கள்?

இதற்கு விடைதேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுச்சேரி நகரின் நடுவிலேயே அப்படி ஓர் ஐங்கோணம் இருந்தது.

*

இன்று பாரதி பூங்காவும் ஆயி மண்டபமும் இருக்கும் பகுதியில் எழுந்தது லூயி கோட்டை. 1693இல் டச்சுக்காரரிடம் இழந்த ஊரை 1699இல் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக் கம்பெனி, பிரான்சுவா மர்த்தேனின் நிர்வாகத்தில் அதைக் கட்டியது. பிரெஞ்சு அரசின் தலைமைக் கோட்டைப் பொறியாளர் வோபான் வடிவமைத்த தூர்னே கோட்டையே அதற்கு முன்மாதிரி. ஐந்து பக்கம், ஐந்து முனைகளிலும் அம்புமுனை போல் வெளியே நீளும் கொத்தளங்கள். 1706இல் கோட்டை நிறைவுபெற்றது. அவ்வாண்டின் கடைசி நாளில் மர்த்தேன் காலமானார்.

கோட்டைக்கு ஐங்கோணம் எதற்கு என்பது சுவையான கேள்வி. ஒரே அளவு சுவரைக் கொண்டு எந்த உருவத்தை வளைத்தால் உள்ளே அதிக இடம் கிடைக்கும் என்று பார்ப்போம். சுற்றளவு 900 என்று வைத்துக்கொண்டால், சதுரத்தின் பக்கம் 225, பரப்பு 50,625. ஐங்கோணத்தின் பக்கம் 180, பரப்பு ஏறத்தாழ 55,740. அறுகோணத்தின் பக்கம் 150, பரப்பு ஏறத்தாழ 58,460. வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 64,460. பக்கங்கள் கூடக்கூட உள்ளிடம் பெருகுகிறது. ஆனால் பக்கம் ஒன்று கூடினால் முனை ஒன்று கூடும். முனைதோறும் ஒரு கொத்தளம், அதற்குப் பீரங்கிகள், அவற்றை இயக்க ஆட்கள். வட்டத்திலோ கொத்தளம் வைக்க முனையே இல்லை. சதுரத்திலோ முனைகள் குறுகியவை. அவற்றில் அமையும் கொத்தளங்களும் ஒடுங்கிப்போகின்றன. சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே கண்ட சமரசம்தான் ஐங்கோணம். இத்தாலியின் தூரினிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐங்கோணக் காவற்கோட்டைகள் எழுந்துவிட்டன.

வோபானின் முறை ஒரு செய்யுள் இலக்கணம் போலக் கட்டுக்கோப்பானது. ஒரு கொத்தளத்தின் முனையிலிருந்து அடுத்ததன் முனை வரையுள்ள கோடுதான் பக்கம். அதற்குப் பாடநூல்கள் வகுத்த அளவு 180 தொவாஸ். தொவாஸ் என்பது ஏறத்தாழ 1.95 மீட்டருக்குச் சமமான பழைய பிரெஞ்சு அளவு. பக்கத்தின் நடுவிலிருந்து உள்நோக்கி ஒரு செங்குத்துக் கோடு இழுக்கவேண்டும். சதுரமாயின் பக்கத்தில் எட்டில் ஒன்று, ஐங்கோணமாயின் ஏழில் ஒன்று, அறுகோணமும் அதற்கு மேலும் ஆயின் ஆறில் ஒன்று. கொத்தளத்தின் முகம் பக்கத்தில் ஏழில் இரண்டு. இப்படிப் பக்கம் என்னும் ஒற்றை எண்ணிலிருந்து கோட்டை முழுவதும் முளைத்துவிடும். இவை பாடநூலின் அளவுகள். புதுச்சேரிக் கோட்டையின் அளவுகள் என்று கொள்ளவேண்டாம்.

*

பக்கத்தை எப்படிப் பெறுவது? தரையில் முளையடித்துக் கயிறுகட்டி வட்டம் போடுவது எளிது. அதே கயிற்றின் நீளத்தை வட்டத்தின் விளிம்பில் ஆறுமுறை எடுத்துவைத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும், அறுகோணம் அமைந்துவிடும். வட்டத்தின் ஆறில் ஒரு பாகத்துக்குரிய நாண் ஆரத்துக்குச் சமம் என்பதை ஆரியபடர் 499ஆம் ஆண்டு நூலிலேயே சொல்லிவிட்டார். ஐங்கோணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆரத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள உறவை அங்கே கணக்கிட்டுத்தான் அறியவேண்டும்.

அந்தக் கணக்கை 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் 'லீலாவதி'யில் செய்யுளாகவே கட்டிவைத்திருக்கிறார். வட்டத்தின் விட்டம் 1,20,000 என்று கொண்டால், அதனுள் அமையும் ஒழுங்குப் பலகோணங்களின் பக்கங்கள் முறையே: முக்கோணம் 1,03,923, சதுரம் 84,853, ஐங்கோணம் 70,534, அறுகோணம் 60,000, எழுகோணம் 52,055, எண்கோணம் 45,922, ஒன்பதுகோணம் 41,031. எண்களை நேராகச் சொல்லாமல், நிலவு என்றால் 1, கண் என்றால் 2 என்பதுபோல் பொருட்பெயர்களால் சுட்டும் மரபில் இவை சொல்லப்பட்டுள்ளன. இந்த ஏழு எண்களை மனத்தில் வைத்திருப்பவர் எந்த விட்டத்துக்கும் எந்தப் பக்கத்தையும் மூன்றெண் விதியால் கண்டுவிடலாம். அவரே தரும் எடுத்துக்காட்டில் விட்டம் 2,000. ஐங்கோணத்தின் பக்கம் 1,175ம் 30இல் 17 பாகமும் ஆகும். வோபானின் 180 தொவாஸ் பக்கத்தை இதே விதியால் திருப்பிக் கணக்கிட்டால், கோட்டையின் முனைகளைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம் சற்றேறக்குறைய 306 தொவாஸ் என்று வருகிறது. ஐந்தரை நூற்றாண்டு முந்திய செய்யுள் ஒன்றைக் கொண்டு பிரெஞ்சுக் கோட்டைக்கு முளையடித்திருக்கலாம் என்று எண்ணும்போது சிறு மகிழ்ச்சி உண்டாகிறது.

இந்த ஏழு எண்களில் ஐந்து கடைசி இலக்கம் வரை சரியானவை. எழுகோணத்தின் உண்மையான அளவு 52,066. ஒன்பதுகோணத்தின் அளவு 41,042. இரண்டிலுமே 11 குறைகிறது. விட்டம் 1,20,000 என்னும்போது இது பொருட்படுத்தத்தக்க பிழையன்று. எனினும் பிழை விழுந்த இடங்கள் கவனத்துக்குரியவை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய பக்கங்களுடைய உருவங்களை வர்க்கமூலத்தின் துணையால் துல்லியமாக எட்டிவிடலாம்; கயிறும் கோலும் கொண்டே வரையவும் செய்யலாம். ஏழும் ஒன்பதும் அப்படி வசப்படுவதில்லை. 1796இல் பத்தொன்பது வயது நிரம்பாத காஸ் பதினேழு பக்க உருவம் வசப்படும் என்று கண்டார். ஏழும் ஒன்பதும் ஒருபோதும் வசப்படமாட்டா என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். பாஸ்கரரின் செய்யுளில் எண்கள் இடறிய இடம், ஏழு நூற்றாண்டு கழித்துக் கணிதம் எல்லைக்கல் நட்ட இடமாகவே அமைந்துவிட்டது.

*

தமிழிலக்கியம் கற்பிக்கும் துறைகளில் இத்தகைய செய்யுள்களுக்கு இடமில்லை என்பது நம் நெடுநாள் குறை. காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' வெண்பாக்களும் பிறவுமாக நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் அளக்கக் கற்பிக்கும் நூல். யாப்பு உண்டு, சொல்லாட்சி உண்டு. ஆனால் பாடத்திட்டத்தில் அதற்கு இலக்கியம் என்ற பெயர் இல்லை. கணக்குத் துறையினர் அதைச் செய்யுள் என்று ஒதுக்குவர், தமிழ்த் துறையினர் கணக்கு என்று ஒதுக்குவர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த மரபையும், அளவைகள் ஊர்ச் சமூகத்தில் யாருக்கு எப்படிப் பயன்பட்டன என்பதையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் நூலாக்கியுள்ளார். அளப்பது என்பது எண்ணைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிய செய்தியும்கூட.

ஏட்டில் எழுதாமலே பலகோணத்தைக் கையாண்டவர்களும் இருந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயிலுக்குச் செல்பவர்கள் தூண்களைக் கவனிக்கவேண்டும். மேலும் கீழும் சதுரம். நடுவே எட்டுப் பட்டை. சதுரத்தின் நான்கு மூலைகளைச் சீவினால் எண்கோணம் வரும் என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு சீவினால் எட்டுப் பக்கமும் சமமாகும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மூலைக்கு மூலை கயிறு பிடித்து அதைப் பாதியாக மடித்து, அந்த நீளத்தை ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் பக்கத்தின்மேல் குறித்தால், சீவவேண்டிய எட்டுப் புள்ளிகளும் கிடைத்துவிடும். 24 அங்குலச் சதுரத்தில் பாதி மூலைவிட்டம் ஏறத்தாழ 17. ஆகவே பக்கம் 7, 10, 7 எனப் பிரியும். நடுவிலுள்ள 10 எண்கோணத்தின் பக்கம். சதுரமாக இருந்தபோது 96 அங்குலமாக இருந்த சுற்று, எட்டுப் பட்டையில் 79.5 ஆகும். மீண்டும் மூலைகளைச் சீவிப் பதினாறு பட்டையாக்கினால் 76.4. முழுதும் உருட்டிவிட்டால் 75.4. சிவலிங்கத்தின் அடி சதுரமாகவும் நடு எண்கோணமாகவும் மேல் உருளையாகவும் அமைவதும் இதே பயணம்தான். பக்கங்கள் பெருகப் பெருகச் சுற்றளவு ஓர் எண்ணை நோக்கி அடங்கிக்கொண்டே போகிறது. ஆர்க்கிமிடீஸ் அறுகோணத்தில் தொடங்கித் தொண்ணூற்றாறு பக்கம் வரை சென்று வட்டத்தின் அளவைப் பிடித்ததும் இந்த அடக்கத்தை நம்பியே.

*

மறுபடியும் கோட்டைக்கு வருவோம். 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊரைச் சூழ்ந்திருந்த முள்வேலியும் அதன் காவல் அரண்களும் முதலில் அவர் வசமாயின. உள்ளே தானியம் குறைந்தது. அவ்வாண்டின் நவம்பர் இறுதியில், இருக்கும் உணவைப் படைக்கு மிச்சப்படுத்துவதற்காக, நகரில் எஞ்சியிருந்த உள்ளூர் மக்களைப் பிரெஞ்சுத் தளபதி லாலி வெளியேற்றினார். ஆங்கிலப் படை அவர்களைத் தாண்டிச் செல்ல விடவில்லை. கோட்டை மீண்டும் உள்ளே ஏற்கவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரு படைகளுக்கும் நடுவே நாள்கணக்கில் உணவின்றி அலைந்தார்கள். பின்னரே கூட் வழிவிட்டார்.

தமிழில் 'பக்கம்' என்ற சொல்லுக்கு உருவத்தின் விளிம்பு என்று பொருள். அருகாமை என்றும், சார்பு என்றும் பொருள். எந்தப் பக்கம் என்று கேட்டால் யாரோடு இருக்கிறாய் என்பதும் அதில் அடங்கும். அந்த மக்களுக்குப் பக்கமே இல்லாமல் போயிற்று. ஐந்து பக்கமும் சமமாக எழுப்பப்பட்ட சுவர் அவர்களை அளவில் சேர்த்துக்கொள்ளவில்லை.

1761 ஜனவரியில் பட்டினி கோட்டையைச் சரணடையச் செய்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அந்நகரின் அன்றாடத்தை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே ஜனவரியில்தான். வென்றவர்கள் கோட்டையைத் தகர்த்துத் தரைமட்டமாக்கினார்கள். 1706 முதல் 1761 வரை 55 ஆண்டுகளே அது நின்றது. பாஸ்கரரின் ஐங்கோண எண் இன்னும் அப்படியே இருக்கிறது.

தமிழர் நிலத்தில் இன்னோர் ஐங்கோணக் கோட்டை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போர்த்துகீசியர் நாற்கோணமாகக் கட்டியிருந்ததை 1658இல் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். ஐந்து கொத்தளங்களுக்கும் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். அதனுள் டச்சுத் தேவாலயம் எழுந்ததும், புதுச்சேரிக் கோட்டை நிறைவுபெற்ற அதே 1706இல். 1990இல் விடுதலைப் புலிகள் அக்கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இலங்கை இராணுவம் இருந்தது. போரில் தேவாலயம் அழிந்தது, சுவர்கள் சிதைந்தன. பதினேழாம் நூற்றாண்டின் வடிவியல் இருபதாம் நூற்றாண்டிலும் மக்களை உள்ளே, வெளியே என்று பிரித்துக்கொண்டிருந்தது என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

*

பிள்ளைச்சாவடிக்கு எந்தச் சுவரும் இல்லை. ஆனால் எல்லைகளுக்குக் குறைவில்லை. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நகருக்குப் போக, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் வழியே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மீண்டும் புதுச்சேரிக்குள் புகவேண்டும். பிரெஞ்சுக்காரர் துண்டுதுண்டாகப் பெற்ற ஊர்கள் 1954இல் இந்தியாவுடன் இணைந்தபின்பும் துண்டுதுண்டாகவே தொடர்கின்றன. இப்பகுதியின் வரைபடத்தை விரித்துவைத்து எந்தப் பக்கத்தை அளந்தாலும் மற்றப் பக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கிழக்கே இருக்கும் பக்கமோ அளவுக்கே நிற்பதில்லை. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் போடப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கல் கொட்டினால் அது அடுத்த ஊருக்கு நகர்கிறது. பிள்ளைச்சாவடியிலும் வீடுகள் கடலுக்குள் போயிருக்கின்றன; வலை உலர்த்திய மணல் போயிருக்கிறது.

கடற்கரையின் நீளம் என்ன என்ற கேள்விக்கு விடையே இல்லை என்பார்கள் கணித அறிஞர்கள். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான ஒரே எல்லை ஒரு நாட்டின் கணக்கில் 987 கிலோமீட்டராகவும் மறுநாட்டின் கணக்கில் 1,214 கிலோமீட்டராகவும் இருப்பதை ரிச்சர்ட்சன் எடுத்துக்காட்டினார். 1967இல் மாண்டல்பிராட் அதை விரித்தார். கவராயத்தை ஒரே அகலத்தில் விரித்து வரைபடத்தில் அடியெடுத்துவைத்துச் சென்றால் சமபக்கங்களைக் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும்; அதைக் கூட்டினால் நீளம். பக்கத்தைச் சிறிதாக்கினால் வட்டத்தின் சுற்றளவு ஓர் எண்ணில் அடங்கும். கடற்கரை அடங்குவதில்லை. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இன்னொரு வளைவு இருப்பதால் அளவு வளர்ந்துகொண்டே போகும்.

இது ஏட்டுச் செய்தியன்று. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்றே நாம் நெடுங்காலம் படித்துவந்தோம். மேலும் நுட்பமாக அளந்தபின் அது 11,098.81 என்று உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை தெரிவித்தது. தமிழ்நாடு 906.9இலிருந்து 1,068.69 ஆக வளர்ந்தது. மற்றவை வளர்ந்திருக்கப் புதுச்சேரி மட்டும் 47.6இலிருந்து 42.65 ஆகக் குறைந்தது. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றையும் சேர்த்த கணக்கு இது. கரை தேய்ந்ததா, அளவுகோல் மாறியதா என்பதை அந்த எண்ணைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. சொல்லத் தெரிந்தவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்தத் தென்னை விழுந்தது, எத்தனை வீடு தள்ளிக் கடல் இருந்தது என்று மீனவர்கள் அடிக்கணக்கில் சொல்கிறார்கள். அறிக்கையில் அவர்களுடைய கணக்கு ஏறுவதில்லை.

யார் அளந்து பார்த்தார்கள் என்று அச்சிறுமி கேட்டதற்கு இப்போது ஓரளவு விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஒழுங்குப் பலகோணத்தில் ஒரு பக்கம் எல்லாப் பக்கங்களுக்குமாகப் பேசும். அதனால் யாரும் அளக்கவேண்டியதில்லை. நாம் வாழும் நிலத்தின் சுற்றில் எந்தப் பக்கமும் இன்னொன்றுக்காகப் பேசாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே, அதன் அருகில் இருப்பவரைக் கேட்டுத்தான் அளக்கவேண்டும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்கவேண்டும்.